கசப்பு பார்க்கிறவள்

இடுப்பு வலி அவளுக்குப் புதுசு இல்லை. ஜல்லிக் கூடை தூக்குகிறவளுக்கு இடுப்பு வலிக்கவில்லை என்றால் அன்றைக்கு வேலை இல்லை என்று அர்த்தம். ஆனால் இந்த வலி வேறு மாதிரி இருந்தது. கிரஷர் நின்று ரெண்டு வாரத்துக்கு மேலாகிவிட்டது. கூடையைத் தொட்டே நாளாகிறது. அப்படியும் தொடை எலும்புக்குள் யாரோ உளி வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது. கிழங்கு தோண்டினதால் வந்த வலி என்று நினைத்தாள். தோண்டினது முந்தாநாள். வலி அதற்கு முன்பே இருந்த மாதிரியும் ஞாபகம். எது முன்னே, எது பின்னே என்று யோசித்துப் பார்த்தாள். தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டு எழுந்தாள்.

"அண்ணி, ஓடைக்கா?" என்று தம்பி பொண்டாட்டி கேட்டாள். வாய் ஓயாதவள். லைனில் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். "பாத்துட்டு வந்து நல்ல வார்த்தையா சொல்லுங்க. உங்க தம்பி நேத்துலேருந்து பானையையே பாத்துட்டு இருக்கான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டா பானையையே கடிச்சுடுவான்."

"நான் சொல்றதா? கிழங்குதான் சொல்லணும்."

குவாரிக்குப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறைகள் ஒரே வரிசையாக இருக்கும். அதுதான் லைன். அதில் இருந்த குடும்பங்கள் எல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்தவை. ஒருத்தருக்கொருத்தர் ஏதோ ஒரு வகையில் மாமன், மச்சான், சித்தி, அத்தை. உடைக்கிறவன் உடைத்தான், சுமக்கிறவள் சுமந்தாள். அவளுடைய தம்பி பாறையில் துளை போடுகிறவன். அதனால் அவனுக்கு டிரில்லு என்று பேர். வேட்டுச் சத்தத்திலேயே குடியிருந்ததால் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேசுவார்கள். கிரஷர் நின்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

ஊரெல்லாம் நோய் வந்துவிட்டது, யாரும் வெளியே நடமாடக் கூடாது என்று முதலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டு போனார். போன் எடுக்கவில்லை. மேஸ்திரி ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டு, "இது தீர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அரிசி தீர்ந்தது. எதுவும் சரியாகவில்லை. டிரில்லு அரிசி வாங்க டவுனுக்கு நடந்தான். கெண்டைக்காலில் போலீஸ் லத்தியால் தடிப்பு தடிப்பாக வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான்.

"எங்கடா போறேன்னான். அரிசிக்குன்னேன், அதுக்கு ஒண்ணு. எங்கேருந்து வர்றேன்னான். கிரஷர்லேருந்துன்னேன், அதுக்கு ஒண்ணு. வாயைத் திறக்காம நின்னேன், திமிரான்னு அதுக்கும் ஒண்ணு."

"அடி கணக்கெல்லாம் சரிதான்," என்றாள் ரேடியோ. "அரிசி எங்கய்யா?"

அப்புறம் அந்த ரேடியோதான் குவாரிக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போனபோது கொடியைப் பார்த்தாள். மூன்று இலைக் கொடி. தண்டு முழுக்க முள். அவர்கள் விட்டுவிட்டு வந்த மலையில் இருந்த அதே கொடி. பார்த்ததும் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். பாம்பு என்று நினைத்து லைனே கம்போடு எழுந்து நின்றது.

அந்தக் கிழங்கு பச்சையாக விஷம். தெரியாமல் தின்றவன் தலைசுற்றி விழுவான். நிறையத் தின்றவன் எழுந்திருக்க மாட்டான். சீவி, சாம்பல் புரட்டி, வேகவைத்து, ஓடுகிற தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். எத்தனை ராத்திரி என்பதற்குக் கணக்கு கிடையாது. அது மண்ணைப் பொறுத்தது, தண்ணீரின் வேகத்தைப் பொறுத்தது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கையால் தொட்டுச் சொல்ல முடியாது. கசப்பு போயிருக்கிறதா என்று நாக்குதான் சொல்லும். அதற்காக ஊருக்கு ஒருத்தர் இருப்பார்கள். வெறும் வயிற்றோடு, வாய் கொப்பளிக்காமல், காலையில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள். சரி என்று சொன்னால், முதலில் சாப்பிட வேண்டியது சொன்னவர்களுடைய வீடு. வெயில் உச்சிக்கு வரும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்த வீட்டுக்காரர்கள் நல்லபடியாக நடமாடினால் ஊர் சாப்பிடும். தவறாகச் சொன்னால் தன் பானைதான் முதலில் கவிழும் என்று தெரிந்தால் யாரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டார்கள் இல்லையா. அதற்காக வைத்த முறை.

லைனுக்கு அவள்தான் ருசிக்காரி. புருஷன் வேட்டு வைக்கையில் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு இருந்தாள். மலையை விட்டு வந்த பிறகு ருசிக்காரி என்கிற பேருக்கு வேலை இல்லை. ரேஷன் அரிசியில் கசப்பு பார்க்க என்ன இருக்கிறது. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொடியில் முடிச்சு போட்டிருந்தது. அதாவது, இது ஒருத்தருக்குச் சொந்தம். மேட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஊர் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கேட்டுவிட்டுத் தோண்டலாம் என்று அவளும் ரேடியோவும் ஏறிப் போனார்கள். பாதையில் முள்வெட்டிப் போட்டு ஆள் உயரத்துக்கு வேலி. நோய் உள்ளே வராமல் இருக்க ஊரே தன்னைப் பூட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதும் ஒரு பெண் வந்தாள். ஏறக்குறைய இவள் வயசு. இடுப்பில் கொடுவாள்.

"அங்கேயே நில்லுங்க. எங்கேருந்து?"

"கீழே கிரஷர்."

"காய்ச்சல், இருமல் யாருக்காவது?"

"இல்ல."

அன்றைக்கு அது உண்மை. உண்மை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"முடிச்சு எங்களோடது. பசின்னா எடுத்துக்குங்க. கொடி ஒட்டின தலையை மட்டும் வெட்டி அதே குழியில வெச்சு மண்ணு தள்ளிட்டுப் போங்க. அடுத்த வருஷம் எங்களுக்கு வேணும்ல."

"அது தெரியாதா எங்களுக்கு? நாங்களும் மலைதான்."

"இறங்கிப் போனவங்க மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன்." பிறகு கொஞ்சம் சிரித்தாள். "உங்களுக்கு யாரு கசப்பு பாக்கறது?"

"நான்தான்."

"இங்க நான்தான்."

வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்று ரெண்டு பேரும் சிரித்தார்கள். "அப்ப உங்க பக்கமும் முதல் சாவு கசப்பு பாக்கறவ வீட்லதான்," என்றாள் அந்தப்பக்கத்துக்காரி.

இதெல்லாம் முந்தாநாள் நடந்தது.

இப்போது ஓடை. கிரஷர் ஓடியபோது இந்தத் தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடும். இப்போது அடியில் கூழாங்கல் தெரிந்தது. மலையில் கிழங்கு போடுகிற மூங்கில் கூடை இங்கே கிடையாது என்பதால் கழுவின சிமெண்ட் சாக்கில் கிழங்குச் சீவலைப் போட்டு, ஊசியால் ஓட்டை குத்தி, மேலே கல் வைத்து அமுக்கியிருந்தார்கள். ஒரு சாக்கைப் பிரித்து மேலே கிடந்த ஒரு துண்டை எடுத்தாள். நாக்கில் வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கசப்பு சில சமயம் பின்னால் இருந்து வரும். தொண்டைப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு, விழுங்கும்போது எட்டிப் பார்க்கும். வரவில்லை. துப்பினாள். அடியில் கிடந்த துண்டை எடுத்தாள். ஒன்றும் இல்லை. இன்னொரு சாக்கைப் பிரித்தாள். அதிலும் இல்லை.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. அவர்கள் மலையில் இதற்கு நாலைந்து ராத்திரி வேண்டும். இங்கே போட்டு ரெண்டு ராத்திரிகூட முழுசாகவில்லை. அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போகும்? தண்ணீர் வேகமா? அவ்வளவு வேகம் ஒன்றும் இல்லை. குனிந்து ஓடைக்குள் கையை விட்டு அடிமண்ணை அள்ளினாள். விரலுக்கு நடுவில் வெள்ளை வெளேர் என்று கல்தூள். வருஷக்கணக்காகக் கிரஷர் துப்பின தூள் எல்லாம் அங்கேதான் படிந்து கிடந்தது. சட்டென்று பிடி கிடைத்த மாதிரி இருந்தது. சாம்பல் புரட்டுவது எதற்கு? கசப்பை இழுக்க. சாம்பல் செய்கிற வேலையைக் கல்தூளும் செய்யாதா? பார்த்தால் சாம்பல் மாதிரிதானே இருக்கிறது. இழுத்திருக்கும். அப்படித்தான் இருக்கும்.

இன்னும் ஒரு துண்டு வைத்துப் பார்த்தாள். அதுவும் சும்மா இருந்தது. ரொம்பவும் சும்மா இருந்தது. கிழங்கின் ருசிகூட இல்லை. அது ஏன் என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதற்குள் இடுப்பு வலித்தது. நினைப்பு நழுவிப் போனது.

லைனில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். லாரியில் லோடு ஏற்றுகிற மாமா, பேரனைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு அவள் வாயையே பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள்.

"அண்ணி, சரியா இருக்கா, சரியாத்தான் இருக்கா?" என்றாள் ரேடியோ.

"ரெண்டும் ஒண்ணுதான்டி. பானையை ஏத்து."

முதல் பானை அவர்களுடையது. ரேடியோ வடித்து இறக்கியபோது டிரில்லு தட்டோடு உட்கார்ந்திருந்தான். பசித்தவன் கேள்வி கேட்க மாட்டான். முதல் தட்டைக் காலி செய்துவிட்டு ரெண்டாவது தட்டை நீட்டினான். ருசிக்காரி ரெண்டு துண்டு எடுத்து வாயில் போட்டாள். அதற்கு மேல் இறங்கவில்லை. பசி இருந்த இடத்தில் ஏதோ கல் இருந்தது. தட்டை ஓரமாக வைத்தாள்.

"ரேடியோ, நீ சாப்பிடலயா?"

"அடுப்புப் புகை தலையைப் பிடிச்சு ஆட்டுது அண்ணி. குட்டிக்குக் குடுத்துட்டு அப்புறம் சாப்பிடறேன்."

குட்டிக்கு மூன்று வயசு. ரேடியோ ஒரு துண்டை ஊதி ஊதி ஆறவைத்து மகள் வாயில் வைத்தாள். குட்டியின் முகம் முறுக்கின துணி மாதிரி சுருங்கியது. த்தூ என்று துப்பினாள். அது அம்மா கையில் விழுந்தது.

"ஏய், கொழுப்பா உனக்கு? அப்பன் அடி வாங்கியும் அரிசி கிடைக்கல, இவளுக்கு ருசி கேக்குது. முழுங்குடி."

"கசக்குது," என்றாள் குட்டி. நாக்கை வெளியே நீட்டி, ரெண்டு கையாலும் துடைத்தாள். "கசக்குது, கசக்குது."

ருசிக்காரி திரும்பினாள். "என்ன சொன்னே?"

"கசக்குது அத்தே."

 டிரில்லு மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"தம்பி, உனக்குக் கசக்குதா?"

"இல்லயே அக்கா."

"எப்படி இருக்கு?"

அவன் யோசித்தான். "எப்படியும் இல்ல. மண்ணு மாதிரி இருக்கு. ஆனா நேத்து குடிச்ச கஞ்சித் தண்ணியும் மண்ணு மாதிரிதான் இருந்துச்சு. பசியில அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அவள் எழுந்து போய் உப்பு டப்பாவைத் திறந்தாள். ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டாள். கடித்தாள். பல்லில் நறநறவென்றது. அவ்வளவுதான். கிரஷர் மேல் காற்று அடித்தால் வாய்க்குள் என்ன வருமோ அதுதான் வந்தது. உப்பு உப்பாக இல்லை. டப்பாவைத் தூக்கி மூக்கில் வைத்தாள், பிறகு மண்ணெண்ணெய் விளக்கை எடுத்து மூக்கில் வைத்தாள். அதிலும் ஒன்றும் இல்லை. விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள். இருந்தது.

"ரேடியோ, இதை வாயில போடு."

ரேடியோ போட்டாள். இது உப்புதானா என்று டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா," என்றான் டிரில்லு. "சுவரு ஏன் அக்கா நடக்குது?"

எழுந்திருக்கப் பார்த்தான். கால் வரவில்லை. உட்கார்ந்துகொண்டே சிரித்தான். கையை முன்னால் நீட்டி, டிரில் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, உதட்டால் டர்ர்ர் என்று சத்தம் போட்டான். பொண்டாட்டியைப் பார்த்து, "மேஸ்திரி, பாறை வழுக்குது மேஸ்திரி" என்றான்.

"நான் மேஸ்திரியா?" ரேடியோ அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யோவ், என்னைப் பாருய்யா. அண்ணி, நேத்தே உடம்பு சுட்டுச்சு. காய்ச்சல்தான். காய்ச்சல்ல உளர்றான்."

"காய்ச்சலா, கிழங்கா?"

"காய்ச்சல்தான் அண்ணி. காய்ச்சல்னு சொல்லுங்க."

அவளால் சொல்ல முடியவில்லை. நெற்றி சுட்டது, அதனால் காய்ச்சல். கண்மணி பெருசாக விரிந்திருந்தது, அதனால் கிழங்கு. வியர்த்தது. அது எதனால்? ரெண்டும் ஒரே உடம்புக்குள் உட்கார்ந்திருந்தால் எதை எதிலிருந்து பிரிப்பது? அவளுக்குமே தரை லேசாகச் சாய்ந்தது. தின்ற ரெண்டு துண்டாலா, எலும்புக்குள் தட்டுகிற அந்த உளியாலா, பயத்தாலா என்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும். சொம்பு நிறையத் தண்ணீரில் உப்பைக் கொட்டிக் கலக்கி, தம்பியின் தலையை மடியில் வைத்து, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். தொண்டைக்குள் விரலை விட்டாள். அவன் கடித்தான். விடவில்லை. அவன் வாந்தி எடுத்தான். மறுபடி ஊற்றினாள். வெறும் தண்ணீர் வரும்வரை ஊற்றினாள்.

லாரி மாமா சிக்னல் கிடைக்கிற கேட்டுக்கு ஓடி மேஸ்திரிக்குப் போன் போட்டார். மேஸ்திரி மோட்டார் சைக்கிளில் வந்தான். ஆனால் கேட்டுக்கு வெளியே, கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, தூரமாக நின்றான்.

"ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். வெளியிலயே கட்டில் போட்டிருக்காங்களாம். வண்டி சாயங்காலம் வந்தாலும் வரும்னாங்க, வராமலும் போகலாம்னாங்க. பையனுக்கு என்ன?"

ருசிக்காரி சொன்னாள். உப்பு மண்ணாக இருப்பதையும் சொன்னாள்.

"அட, அது இந்த நோய்தான்," என்றான் மேஸ்திரி. "என் வீட்லயும் எல்லாருக்கும் வந்து போச்சு. எனக்கு இன்னும் சோறும் சுண்ணாம்பும் ஒண்ணுதான். நாக்கும் மூக்கும் செத்துப் போயிடும். உங்களுக்கு யாரும் சொல்லலயா?"

"யாரு சொல்லுவா?"

மேஸ்திரி மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்தான். அவன்தான் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினவன். அரிசியோடு நோயும் வந்ததா என்று ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கும். ரெண்டு பேரும் அதைக் கேட்கவில்லை. "முதலாளி போன் எடுத்தா அரிசிக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

டிரில்லு சாயங்காலம் வரைக்கும் உளறினான். பிறகு தூங்கினான். ரேடியோ அவன் மார்பில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வண்டி வரவில்லை. மறுநாள் விடிந்ததும் அவன் கண்ணைத் திறந்து, "என்னடி, யாரு செத்தா, இப்படி உக்காந்திருக்கே?" என்றான். அப்போதுதான் அவளுக்கு அழுகையும் பேச்சும் சேர்ந்து வந்தது.

ஆள் பிழைத்தான். பசி அப்படியே இருந்தது. ஓடையில் சாக்குகள் கிடந்தன. உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ருசிக்காரி லைன் முழுக்க அறை அறையாகப் போனாள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு சிட்டிகை. பெரியவர்கள் எல்லோரும் வாயில் போட்டுவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் வந்தவர்களுக்கும் ருசி இல்லை, வராதவர்களுக்கும் இல்லை. பிள்ளைகள் மட்டும் நாக்கைச் சப்புக்கொட்டி இன்னும் கேட்டார்கள்.

"அப்புறம் என்ன," என்றார் லாரி மாமா. "குட்டிதானே கண்டுபிடிச்சா. அவ நாக்குல வெச்சுப் பாப்போம். கசந்தா துப்பிடப் போறா."

"உங்க பேரன் சும்மாதானே இருக்கான்," என்றாள் ரேடியோ. "அவன் நாக்குல வெச்சுப் பாருங்களேன். அவன் நாக்கு என்ன லோடு ஏத்தவா போயிருக்கு?"

மாமா பேரனைத் தோளிலிருந்து இறக்கி இழுத்து அணைத்துக்கொண்டார். 

"பிள்ளை துப்பாம முழுங்கிட்டா?" என்றாள் ருசிக்காரி. "பசியில அதுவும் முழுங்கும். சின்ன உடம்பு. என் தப்பு என் வீட்டோட நிக்கட்டும்."

அடுத்த நாள் காலையில் ஒரு துண்டை இலையில் சுருட்டிக்கொண்டு தனியாக மேட்டில் ஏறினாள். வழியில் நாலு தடவை உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று யோசித்தாள். நல்ல உடம்போடு இருக்கிற ஒருத்தியிடம் போய், எங்கள் நோய்க்கையால் தொட்டதை உன் வாயில் வை என்று எப்படிக் கேட்பது? கேட்காமல் திரும்பினால் லைனில் இத்தனை வாய் இருக்கிறது. ஏறும்போது கேட்கக்கூடாது என்று தோன்றியது, உட்காரும்போது கேட்கலாம் என்று தோன்றியது. வேலி வந்தபோது எந்த முடிவும் இல்லை.

அந்தப்பக்கத்துக்காரி வந்தாள்.

"காய்ச்சல் இல்லன்னு சொன்னேன்ல," என்றாள் ருசிக்காரி. இருபது முழம் தள்ளியே நின்றாள். "அப்ப தெரியல. இப்ப எல்லாருக்கும் இருக்கு. எனக்கு நாக்கு போயிடுச்சு."

"நாக்கு போயிடுச்சுன்னா?"

"உப்பைப் போட்டா மண்ணா இருக்கு. அந்த நோய் அதைத்தான் முதல்ல தின்னுமாம். நான் தெரியாம சரின்னு சொல்லிட்டேன். தம்பி தின்னுட்டான்."

"இருக்கானா?"

"இருக்கான்."

 அந்தப்பக்கத்துக்காரி இவள் கையில் இருந்த இலையைப் பார்த்தாள். எதுவும் கேட்காமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீ கேக்கறது என்னன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"நான் இன்னும் கேக்கலயே."

"கேக்கத்தானே வந்தே."

"ஆமா. வேண்டாம்னா போயிடறேன். கோவிச்சுக்க மாட்டேன்."

"உன் குழிங்களைப் போய்ப் பாத்தேன். எல்லாத்துலயும் தலையை வெச்சு மூடியிருக்கே. ஒண்ணுகூட விடல." கொடுவாளை இடுப்பில் சரிசெய்தாள். "அந்தக் கல்லு மேல வெச்சுட்டுத் தள்ளிப் போ. இன்னும் தள்ளி."

உள்ளே போய்க் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியோடு வந்தாள். வேலி இடுக்கு வழியாகக் குச்சியை நீட்டித் துண்டைக் குத்தி எடுத்தாள். சட்டிக்குள் அமுக்கி ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு எடுத்து ஊதி, நாக்கு நுனியில் வைத்தாள். அடுத்த நொடி துப்பினாள்.

"அடிப் பாவி. இதையா சரின்னே?"

ருசிக்காரிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையாகவும் இருக்கலாம். எது என்று அவளுக்கே தெரியவில்லை.

"கல்தூள் இழுத்துடுச்சுன்னு நினைச்சேன்."

"கல்தூள் உன் மூளையைத்தான் இழுத்திருக்கு. இன்னும் ரெண்டு ராத்திரி கிடக்கட்டும். அப்புறம் கொண்டு வா."

ரெண்டு ராத்திரி கழித்துக் கொண்டுபோனாள். "இன்னைக்கு ஒரு நாள்" என்றாள் அவள். அதற்கு மறுநாள் நாக்கில் வைத்து, கண்ணை மூடி, விழுங்கி, தொண்டையில் வருகிறதா என்று காத்திருந்து, "சரி" என்றாள். கீழே முதல் பானை இவர்களுடையதுதான். இந்தத் தடவை ருசிக்காரி தட்டு நிறைய வைத்துக்கொண்டு, தம்பிக்கு முன்னால், எல்லோரும் பார்க்க வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மண் மாதிரி இருந்தது. வெயில் உச்சிக்கு வந்தது. எழுந்து லைனுக்கு இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து காட்டினாள். எல்லோர் அடுப்பும் எரிந்தது.

ஒரு சாக்கு தீர்ந்தால் அடுத்த சாக்கு. ஒவ்வொரு சாக்குக்கும் மேட்டில் ஏறினாள். கல், குச்சி, கொதிக்கிற சட்டி, நாக்கு. கொஞ்சம் பேச்சும் இருக்கும். "உன் நாத்தனா புருஷனை இன்னும் டர்ர்ர்னு சத்தம் போடச் சொல்றாளா?" என்று அந்தப்பக்கத்துக்காரி கேட்பாள். "நாத்தனா நான். அவ தம்பி பொண்டாட்டி. உனக்கு முறைகூடத் தெரியல" என்று இவள் சொல்வாள். பேர் ரெண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

கடைசிச் சாக்குக்கு ஏறிப் போனபோது அவள் வரவில்லை. இவள் மூன்று தடவை கூப்பிட்டாள். ஓர் ஆண் வந்தான். அவளுடைய புருஷன்.

"படுத்துட்டா," என்றான். "காய்ச்சல். மூச்சு வாங்குது."

ருசிக்காரிக்குக் கையில் இருந்த இலை கனத்தது.

"கீழேருந்து வந்ததா?"

"தெரியல. சந்தைக்குத் திருட்டுத்தனமா ஒருத்தன் வேலி தாண்டிப் போயிட்டு வந்திருக்கான். அவனுக்கும் காய்ச்சல். நாளைக் கணக்குப் பாத்தா அவனாலயும் இருக்கலாம், உங்களாலயும் இருக்கலாம். கொதிக்க வெச்சுத்தான் பாத்தேன்னு அவ சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியல." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவளுக்கு வாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். "எங்க கிழங்கும் தண்ணியில கிடக்கு. இருக்கற தானியத்தைக் கஞ்சியா காச்சி ஓட்டறோம். நாக்கு பாக்க ஆள் இல்ல. ஊர்ல மிச்சப் பேருக்கு அந்தக் கிழங்கை வாயில வைக்கப் பயம். உன்னைக் கேக்கச் சொன்னா. உனக்கு நாக்கு வந்துடுச்சா?"

 ருசிக்காரி தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் ஆமாவா இல்லையா என்று அவனுக்குப் புரியவில்லை போல. மறுபடி கேட்டான்.

"இன்னும் வரல," என்றாள்.

"வந்ததும் வா. எப்ப வந்தாலும் வா. வேலியில ஒரு ஆள் போற வழி விடறேன்."

அடுத்த வாரம் கிரஷர் ஓடத் தொடங்கியது. கேட் திறந்தது. முதலாளி போன் எடுத்தார். மேஸ்திரி அரிசி மூட்டையோடு வந்து, முகத்தில் கைக்குட்டை இல்லாமல் சிரித்தான். ஓடை மறுபடி பால் மாதிரி வெளுத்தது. டிரில்லு பாறைக்குத் திரும்பினான். அவன் கை கொஞ்சம் நடுங்குகிறது. டிரில் பிடித்த கை முன்பே நடுங்கும். இது கிழங்கு விட்டுப்போன நடுக்கமா, நோய் விட்டுப்போனதா, வேலை கொடுத்ததா என்று ரேடியோ தினமும் ஒரு காரணம் சொல்கிறாள். எல்லாமே சரி மாதிரிதான் இருக்கிறது.

ருசிக்காரி தினமும் எழுந்ததும், வாய் கொப்பளிக்காமல், வெறும் வயிற்றோடு, ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைக்கிறாள். நேற்று ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது. உப்புதானா, உப்பு என்கிற நினைப்பா என்று தெரியவில்லை. குட்டியைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உப்போ சர்க்கரையோ ஏதாவது ஒன்றைத் தன் நாக்கில் வைக்கச் சொன்னாள். சர்க்கரை என்று சொன்னாள். குட்டி கைகொட்டிச் சிரித்தது. உப்பு.

மேலே அந்த ஊரின் கிழங்கு தண்ணீரில் கிடக்கிறது. படுத்தவள் எழுந்தாளா என்று சேதி இல்லை. கேட்கப் போகலாம் என்றால், வெறும் நாக்கோடு போய் நின்று என்ன சொல்வது? ஜல்லிக் கூடையைத் தலையில் ஏற்றும்போதெல்லாம் மேட்டைப் பார்க்கிறாள். வேலியில் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டிருக்கிறது. இங்கிருந்தே தெரிகிறது. அந்த ஊருக்கு அவள் ஒரு நாக்கு பாக்கி.